பழைய கார் வீலுக்கு வீட்டிலேயே பெயின்ட்: குறையைப் பார்த்துக் காரணம் பிடிக்க

வீலுக்கு அடித்த பெயின்ட் உரிந்தால் முதல் பழி ஸ்ப்ரே கேன் மேல்தான் விழும். மலிவான கேன், வேறென்ன ஆகும் என்பார்கள். உரிந்த சில்லு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் பிரைமரின், அதாவது கலருக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சின், சாம்பல் நிறமாக இருந்து, வீலில் வெறும் உலோகம் பளபளத்தால், கோளாறு பிரைமருக்கும் கீழே, கழுவித் தேய்த்த கட்டத்தில். பிரைமர் வீலிலேயே நின்று கலர் மட்டும் கழன்றிருந்தால், கோளாறு இரண்டுக்கும் நடுவில். நிறமே இல்லாத மெல்லிய தாளாக வந்தால் கிளியர் கோட் கலரைப் பிடிக்கவில்லை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைப் பார்க்காமல் மேலே இன்னொரு கோட் அடிப்பது கேனுக்குக் கொடுத்த காசை வீணாக்கும் வேலை.

கீழே சொல்வதெல்லாம் 13, 14 இன்ச் ஸ்டீல் ரிம், அலாய் வீல் இரண்டுக்கும் பொதுவானவை. வித்தியாசம் வரும் இடத்தில் தனியே சொல்லியிருக்கிறது. நான்கு வீலின் வெளிமுகத்துக்கு 400 மில்லி கேன் கணக்கில் பிரைமர் 1, கலர் 2, கிளியர் 2 போதும். உள்பக்கமும் அடிப்பதானால் ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

சென்னைப் புதுப்பேட்டையிலோ உங்கள் ஊர் பழைய பார்ட்ஸ் கடையிலோ வாங்கிய வீல் என்றால் மூன்று சோதனை செய்யுங்கள்.

காந்தம் ஒட்டினால் ஸ்டீல். ஒட்டாவிட்டால் அலுமினிய அலாய்.

பழைய பெயின்ட் என்ன வகை என்று தெரிய, பஞ்சில் என்.சி. தின்னர் நனைத்து, கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிறம் கரைந்து பஞ்சில் ஏறினால் லாக்கர், அதாவது முன்பு யாரோ கேனில் அடித்திருக்கிறார்கள். கரையாமல் நெளிந்து சுருங்கினால் எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் கம்பெனி பெயின்ட் அல்லது பவுடர் கோட்டிங். அது அடித்தளமாக இருக்கத் தகுந்தது. முழுக்கச் சுரண்ட வேண்டாம், மினுமினுப்பு போகத் தேய்த்தால் போதும்.

மூன்றாவது சோதனை விரிசலுக்கு. வீலை நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஸ்போக் சேரும் மூலைகளிலும் உள் விளிம்பிலும் மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். துடைத்துவிட்டு சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடியில் கோடு விழும். கோடு விழுந்த வீலுக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், எம்-சீலும் வைக்காதீர்கள்; எடைக்குப் போடுங்கள். கோடு விழாவிட்டால் வீலை மறுபடி சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், இல்லையென்றால் அந்த மண்ணெண்ணெயே அடுத்த கோளாறாகிவிடும்.

தாள் தாளாக உரிகிறது, அடியில் வெறும் உலோகம்

அதிகம் வருவது இதுதான். காரணம் மூன்றில் ஒன்று.

முதலாவது பிரேக் தூள். முன் வீல்களின் உள்பக்கம் கறுப்பாகப் படிந்திருக்கும் இது வெறும் தூசு அல்ல. டிஸ்க்கிலிருந்து தேய்ந்து வந்த இரும்புத் துகள் சூட்டோடு பெயின்டில் பதிந்துகிடக்கும். சோப்புத் தண்ணீரில் போகாது. அயர்ன் ரிமூவர் அடித்தால் ஊதா நிறமாக வழியும்; வழிவது நிற்கும்வரை திரும்ப அடிக்கலாம். அதை வாங்க மனமில்லாவிட்டால் பாத்திரம் கழுவும் லிக்விடோடு பச்சை ஸ்காட்ச் பிரைட், பழைய டூத் பிரஷ், பொறுமை.

இரண்டாவது எண்ணெய்ப் பசை. தார் எடுக்க மண்ணெண்ணெயோ டீசலோ போட்டுத் துடைத்து, "சுத்தமாகிவிட்டது" என்று அப்படியே பிரைமர் அடிப்பது. இரண்டுமே காய்ந்தபின் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். தார் எடுத்த பிறகு பாத்திர லிக்விட் போட்டு இரண்டு முறை கழுவ வேண்டும். கழுவிய வீலில் தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் சுத்தம். முத்து முத்தாகப் பிரிந்தால் இன்னும் பசை இருக்கிறது. கடைசி அலசலுக்குப் போர் தண்ணீர் வேண்டாம். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் பொட்டு விழும், பின்னால் அதே இடத்தில் பெயின்ட் கொப்பளிக்கும். நான்கு வீலுக்குக் குடிதண்ணீர் கேன் ஒன்று போதும்.

மூன்றாவது, பிடிமானம் இல்லாத பரப்பு. கெட்டியாக நிற்கும் பழைய பெயின்டை 320-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரில் ஈரமாகத் தேய்த்து, பின் 400-இல் முடியுங்கள். எங்கேயும் மினுக்கம் தெரியக்கூடாது. பேப்பர் நுழையாத ஸ்போக் இடுக்குகளுக்கு ஸ்காட்ச் பிரைட். உரிதல் முதலில் தொடங்குவதும் அந்த இடுக்குகளிலும் நட் குழிகளைச் சுற்றியும்தான், ஏனென்றால் கை போகாத இடத்தை எல்லோரும் ஒப்புக்குத் தேய்த்துவிட்டு நகர்வார்கள். வெறும் அலுமினியம் வெளிவந்த இடம் காற்று பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்ளும். அங்கே எட்ச் பிரைமரோ (உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்வது) எபாக்சி பிரைமரோ தேய்த்த அன்றே, முடிந்தால் நான்கு மணி நேரத்துக்குள், ஏற வேண்டும். கதவு ஜன்னலுக்கு வாங்கிய ரெட் ஆக்சைடு மிச்சம் இருக்கிறதே என்று அலாயில் அடிக்காதீர்கள். அது இரும்புக்கு உரியது. ஸ்டீல் ரிம்முக்கு அடிக்கலாம், மேலே அடிக்கும் கலரும் அதே எனாமல் வகையாக இருந்தால். மொத்த வேலையிலும் காசு மிச்சம் பிடிக்கக்கூடாத கேன் எது என்றால் இந்த பிரைமர்தான். கலர் கேனில் மலிவு பார்க்கலாம்.

ஒட்டியதா என்று அறிய, உள்பக்கத்தில் ஒரு வாரம் காய்ந்த இடத்தில் பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு கீறி, டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். ஓரிரு கட்டத்தின் முனை போனால் பரவாயில்லை. கட்டம் கட்டமாக டேப்போடு வந்தால் அந்த வீலை முதலிலிருந்து தொடங்குங்கள், டயர் மாட்டுவதற்கு முன்பே தெரிந்ததே நல்லது.

கொப்பளம்

ஊசியால் ஒன்றைக் குத்துங்கள். உள்ளே ஈரம் அல்லது பழுப்பு நிறம் இருந்தால், அடியில் தண்ணீர் அல்லது துரு. கொப்பளம் காய்ந்திருந்து, உச்சியில் ஊசிமுனை ஓட்டைகளும் தெரிந்தால் தின்னர் வெளியேறிய தடம்: கனமாக அடித்து வெயிலில் வைத்திருக்கிறீர்கள், மேல்தோல் முதலில் காய்ந்து அடியில் இருந்த தின்னர் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் கிடந்த வீலைத் தொட்டால் சுடும். அதில் அடித்தால் இப்படித்தான் ஆகும். வீல் நிழலில், கை வைத்தால் சூடு உறைக்காத நிலையில் இருக்க வேண்டும்.

துருவுக்கு: ஸ்டீல் ரிம்மில் துரு அதிகம் ஒளிந்திருப்பது நடுத்தட்டும் வெளிவளையமும் சேரும் வெல்டிங் ஓரத்தில். கம்பி பிரஷ்ஷால் சுரண்டி 80-ஆம் நம்பர் எமரியில் தேய்த்து, குழிகளில் மிச்சமிருப்பதற்கு ரஸ்ட் கன்வர்ட்டர் தடவுங்கள். அது துருவைக் கறுப்பாக்கும். கறுப்பான பிறகும் ஒரு நாள் காயவிட்டுப் பிரைமர். கன்வர்ட்டரை உலோகம் பளபளக்கும் இடத்தில் தடவிப் பயனில்லை, அது துருவோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும்.

ஈரத்துக்கு: நட் குழி, வால்வ் ஓட்டை, பேலன்சிங் வெயிட் (வீல் ஆடாமல் சுழல ஒட்டும் சிறு எடை) இருந்த இடத்தின் பசை. இங்கெல்லாம் தண்ணீர் நிற்கும். கழுவியபின் அரை நாள் வெயிலில் வைத்து, பிறகு நிழலுக்கு மாற்றி ஆறவிட்டு அடியுங்கள்.

அலாயில் கிளியருக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்

வெள்ளையாக, மெல்லிய கோடுகளாக, ஏதோ ஒரு கல்லடியிலிருந்தோ விளிம்புக் கீறலிலிருந்தோ கிளம்பி வளைந்து போகும். அலுமினியம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டு போவது அது. கடலோர ஊர்களில் ஓடிய வண்டியின் வீலிலும், முகத்தை லேத்தில் சீவிப் பளபளப்பாக்கிய டைமண்ட் கட் வீலிலும் அதிகம். சீவிய முகத்துக்கு மேலே கிளியர் மட்டும்தான் காவல். அதில் கீறல் விழுந்தால் உப்பு ஈரம் நேராக உலோகத்துக்குப் போகும்.

மேலே கலர் அடித்து மறைத்தால் தடம் அடியில் தொடர்ந்து ஊரும். தடம் முடிகிற இடத்துக்கும் அப்பால் ஒரு விரல் அகலம்வரை 120-ஆம் நம்பரில் உலோகம் தெரியத் தேய்த்து, ஓரத்தை 220, 320 என்று மட்டமாக்கி, அன்றே எபாக்சி பிரைமர். டைமண்ட் கட் பளபளப்பைக் கேனால் திரும்பக் கொண்டுவர முடியாது. முழு வீலையும் ஒரே சில்வராகவோ கருஞ்சாம்பல் கன் மெட்டலாகவோ மாற்றிவிடுவதே வீட்டில் செய்யக்கூடியது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. பாத்ரூம் கழுவும் ஆசிட், காஸ்டிக் சோடா இரண்டும் அலுமினியத்தைத் தின்னும். நுரைத்துக்கொண்டு வருவது அழுக்கு அல்ல, உங்கள் வீல். அந்த நுரையில் இருப்பது தீப்பிடிக்கும் ஹைட்ரஜன். அடுத்தது, பழைய பெயின்டை எரித்தெடுக்க வெல்டிங் கடை பர்னரைக் காட்டாதீர்கள். அலாய் வீல் சூட்டால் பதப்படுத்தி வலிமை ஏற்றியது; தாறுமாறான சூட்டில் அந்த வலிமை போகும், வெளியே ஒன்றும் தெரியாது.

அலாயைத் தேய்க்க இரும்புக் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். பிரஷ்ஷிலிருந்து உதிரும் துகள் அலுமினியத்தில் பதிந்து, பின்னால் பெயின்ட் வழியே பழுப்புப் புள்ளியாகத் தலைகாட்டும்.

அடிக்கும்போதே குழி குழியாக விலகுகிறது

பெயின்ட் விழுந்த சில நொடியில் வட்டமாக விலகி நடுவில் அடித்தளம் தெரிந்தால் அது சிலிகோன். டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் வழியாக வந்தது. டயரைக் கழற்றாமல் அடிக்கும் வீல்களில் விளிம்பை ஒட்டி வரிசையாகக் குழி விழுவது இதனால்தான். டயர் அழுக்காகாமல் இருக்க வாஸலைன் தடவச் சொல்லும் யோசனையும் இதே வம்பைத்தான் இழுக்கும்.

அப்போதே நிறுத்துங்கள். மேலே மேலே அடித்தால் குழி ஆழமாகும், நிறையாது. காயவிட்டு 400-இல் தேய்த்து, வேக்ஸ் அண்ட் கிரீஸ் ரிமூவரை ஒரு துணியில் தடவி, அது காய்வதற்குள் வேறொரு சுத்தமான துணியில் துடைத்தெடுங்கள். ஒரே துணியால் தடவியும் துடைத்தும் செய்தால் சிலிகோன் இடம் மாறுமே தவிரப் போகாது. பனியன் வேஸ்டில் பழைய கிரீஸ் இருக்கும். துவைத்த வெள்ளைத் துணியே மேல்.

டயரோடு அடிப்பதானால் காற்றை முழுக்க இறக்கி, டயருக்கும் ரிம்முக்கும் நடுவே பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறச் செருகிக்கொண்டே சுற்றி வாருங்கள். மாஸ்கிங் டேப்பை விட நேர்த்தியாக விளிம்பு கிடைக்கும்.

சுருங்கி நெளிகிறது

எனாமலுக்கு மேல் லாக்கர் அடித்திருக்கிறீர்கள், அல்லது ஒரே கேனையே தவறான நேரத்தில் திரும்ப அடித்திருக்கிறீர்கள். பல எனாமல் கேன்களில் மறு கோட்டுக்கான நேரம் பின்பக்கம் போட்டிருக்கும்: ஒரு மணி நேரத்துக்குள், அல்லது ஒன்றிரண்டு நாள் கழித்து. இடையில் அடித்தால் பாதி காய்ந்த தோலுக்குள் புதிய தின்னர் இறங்கி ஊதவைக்கும். பிரைமர், கலர், கிளியர் மூன்றையும் ஒரே கம்பெனியில், ஒரே வகையில் வாங்குவது இந்தத் தலைவலிக்கு வைத்தியம். சுருங்கிய இடத்தைக் குறைந்தது இரண்டு நாள் காயவிட்டுத்தான் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் பேப்பரில் பிசினாக அப்பும்.

வெள்ளையாகப் புகை படர்கிறது

கறுப்பு, கன் மெட்டல் நிறங்களில் பளிச்சென்று தெரியும். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதில் படிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களிலும், சென்னைக் கடலோர அதிகாலையிலும் வரும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அன்று தேய்க்கும் வேலையைப் பாருங்கள். லேசாக இருந்தால், காய்ந்த மறுநாள் வறண்ட வேளையில் மெல்லிய ஒரு கோட் அடித்தால் தின்னர் மேல்தோலை இளக்கிப் புகையை எடுத்துவிடும். தை முதல் பங்குனி வரை, காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் காற்றோடு புழுதி. அடித்த ஈரத்தில் பாதித் தெரு ஒட்டியிருக்கும்.

வழிதல், சொரசொரப்பு, திட்டுத் திட்டான சில்வர்

மூன்றும் கைப்பழக்கம். கேன் வீலிலிருந்து 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரத்தில் ஓட வேண்டும். உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கியபின் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். வீலுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, குறுக்கே ஓட்டி, வெளியே போய் விடுங்கள். பக்கத்தில் வைத்தால் வழியும். தூரத்தில் வைத்தால், அல்லது ஃபேன் ஓடினால், துளி பாதி வழியிலேயே காய்ந்து மணல் தாள்போல உட்காரும். வழிந்ததை ஈரத்தில் தொடாதீர்கள். மறுநாள் 800-ஆம் நம்பரைச் சின்ன மரக்கட்டையில் சுற்றி அந்த மேட்டை மட்டும் தேய்த்து மேலே அடியுங்கள்.

சில்வரின் திட்டுகளுக்குத் தனிக் காரணம் உண்டு. அதில் மிதக்கும் அலுமினியச் செதில்கள் கனமான ஈரக் கோட்டில் நீந்திக் கூட்டம் கூட்டமாகச் சேரும். சேர்ந்த இடம் கறுத்துத் தெரியும். மூன்றாவது கோட்டை 35 சென்டிமீட்டர் தள்ளி நின்று, தூவினாற்போல எல்லாத் திசையிலிருந்தும் அடித்தால் செதில் சமமாகப் பரவும். கோட்டுக்குக் கோட் 10 முதல் 15 நிமிடம். வீலைப் படுக்கவைத்து, ஒரு பழைய ஸ்டூலில் சுற்றிக்கொண்டே அடித்தால் ஸ்போக்கின் பக்கவாட்டு விட்டுப்போகாது. பக்கவாட்டை முதலில் முடித்து, முகத்தைக் கடைசியில் அடியுங்கள்.

பட்டி வைத்த இடம் தெரிகிறது

பிளாட்பாரத்தில் உரசிய விளிம்புக்கு 1 மில்லிமீட்டர் ஆழம்வரை பட்டி வைக்கலாம். டயர் உட்காரும் இடத்தில் கூடவே கூடாது. 100 கிராமுக்கு ஹார்டனர் 2 கிராம். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடப் போட்டால், மிஞ்சிய ஹார்டனர் கலர் வழியே மஞ்சள் கறையாக ஏறும். பட்டியின் ஓரம் கோடாகத் தெரிந்தால், பழைய பெயின்டின் மேலே பட்டி ஏறியிருக்கிறது. வெறும் உலோகத்தில்தான் வைக்க வேண்டும், தண்ணீர் தொடாமல் உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும். பட்டி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு பிறகு கொப்பளிக்கும். எட்ச் பிரைமருக்கு மேல் பட்டி நிற்காது.

ஒரு வாரமாகியும் நகம் பதிகிறது

கேனில் ஹீட் ரெசிஸ்டன்ட், 600 டிகிரி என்று போட்டிருந்ததா? பிரேக் சூட்டுக்கு நல்லது என்று வாங்கியிருப்பீர்கள். சைலன்சருக்கான அந்தப் பெயின்ட் 200 டிகிரி அளவில் சூடேறினால்தான் இறுகும். வீல் அந்தச் சூட்டைப் பார்ப்பதே இல்லை, ஆகையால் அது என்றைக்கும் மெத்தென்றே இருக்கும். தின்னரில் எடுத்துவிட்டுச் சாதாரண அக்ரிலிக் அடியுங்கள்.

சரியான பெயின்டும் மெத்தென்று இருந்தால் கோட் கனம். இரண்டு வாரம் வெயில் படும் இடத்தில் வையுங்கள்.

பெயின்ட் நன்றாக இருக்கிறது, வண்டியில் கோளாறு

*காற்று மெல்ல இறங்குகிறது.* சோப்புத் தண்ணீரை விளிம்பில் ஊற்றிப் பாருங்கள். டயர் உட்காரும் இடத்தில் பெயின்ட் திரண்டிருக்கும், அல்லது அலாயில் வெள்ளை அரிப்பு இருக்கும். அந்த இடத்தை ஸ்காட்ச் பிரைட்டில் மழமழப்பாக்கி வெறுமையாக விடுங்கள். டயர் கழன்றிருக்கும்போதே ரப்பர் வால்வையும் மாற்றிவிடுங்கள். புதுப் பெயின்ட் அடித்த வீலை ஒரு வாரத்துக்கு முன் டயர் மெஷினில் ஏற்றினால் கவ்வும் பல் தடம் விழும்.

*80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறது.* பேலன்சிங் வெயிட்டை எடுத்துவிட்டு அடித்தீர்கள், திரும்பப் பார்க்கவில்லை. பார்த்தும் நடுங்கினால் ஒட்டு வெயிட் விழுந்திருக்கும்: காயாத பெயின்டிலிருந்து கிளம்பும் தின்னர் அந்தப் பசையை விடுவித்துவிடும். உள்பக்கத்தில் வெயிட் ஒட்டும் பட்டையை டேப் போட்டு மறைத்து அடித்தால் இந்தப் பாடு இல்லை.

*வீல் நட் தளர்கிறது.* இந்தப் பட்டியலில் உயிருக்கு ஆபத்தானது இதுதான். நட் உட்காரும் குழியிலும், ஹப்போடு (வீல் மாட்டும் அச்சுத் தட்டு) ஒட்டும் பின்முகத்திலும் பெயின்ட் இருந்தால், இறுக்கியபோது கிடைத்த பிடி, ஓட ஓடப் பெயின்ட் நசுங்கித் தளரும். ஐந்து கோட் சேர்ந்தால் தளர்வுக்குப் போதுமான கனம். அடிக்கும் முன்பே பின்முகத்தை டேப்பாலும், குழிகளைச் சுருட்டிய பேப்பராலும் அடையுங்கள். ஏற்கெனவே அடித்துவிட்டால் உலோகம் தெரியச் சுரண்டியெடுங்கள். ஸ்டீல் ரிம்மிலிருந்து அலாய்க்கு மாறியிருந்தால் நட்டின் அடிவடிவம் புதுக் குழிக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். மரையில் கிரீஸ் தடவாதீர்கள். சிறிய கார்களில் இறுக்கம் பெரும்பாலும் 80 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் கார் கையேட்டில் உள்ள எண்ணே கணக்கு. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில் நட்சத்திர வரிசையில் இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சோதியுங்கள்.

சில மாதத்தில் மங்குகிறது

கேன் கிளியர் பெட்ரோலையும் தின்னரையும் தாங்காது. பிரேக் வேலைக்கு விடும்போது மெக்கானிக் பெட்ரோல் துணியால் வீலைத் துடைத்திருந்தால் அதுவே காரணம். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே கிளியர் இதைத் தாங்கும்தான். ஆனால் அதன் புகையில் ஐசோசயனேட் இருக்கிறது, மருந்துக்கடை மாஸ்க் அதைத் தடுக்காது, ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும். வீட்டு மாடியில் அது வேண்டாம். சாதாரணக் கேனுக்கும் திறந்தவெளி வேண்டும், கேஸ் அடுப்பிருக்கும் ஜன்னல் பக்கம் கூடாது. கேனை வெளியே தள்ளுவதும் தீப்பிடிக்கும் வாயுதான்.

மங்கிய கிளியரை 1500-இல் ஈரமாக லேசாகத் தேய்த்து, துடைத்துக் காயவைத்து, இரண்டு மெல்லிய கோட் அடித்தால் மறுபடி ஏறும். கலர் தெரிய ஆரம்பிக்கும் முன் தேய்ப்பதை நிறுத்துங்கள். சில்வர் தேய்ந்தால் அந்த ஸ்போக் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.